கண்டாங்கியோடு தண்ணீருக்குள்: செட்டிநாட்டில் ஒரு கல்யாணப் படப்பிடிப்பு

ஆவணிக் கல்யாணம். பெண் வீடு கானாடுகாத்தான், மாப்பிள்ளை வீடு தேவகோட்டை. தண்ணீருக்குள் படம் வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் ஒரு நீச்சல் குளத்தில் இறங்கினோம். மூன்று மணி நேரத்தில் 412 படங்கள் எடுத்தேன். ஆல்பத்தில் வைக்கும்படி தேறியவை இரண்டே இரண்டு.

ஐந்து நாள் கழித்து அதே குளம், அதே கேமரா, அதே மணமக்கள். 50 நிமிடத்தில் 130 படங்கள் எடுத்தேன், 19 தேறின.

நடுவில் புதுக் கருவி எதுவும் வாங்கவில்லை. மாறியவை நேரம், தூரம், சேலை, மூச்சு. இதில் சேலைக்கு வழி சொன்னவர் பெண்ணின் ஆயா, அதாவது பாட்டி. தண்ணீருக்குள் ஒருதடவைகூட முங்கிப் பார்க்காதவர். இந்த வேலையை எடுக்கலாமா என்று கேட்கும் போட்டோகிராபர் நண்பர்கள் கூடிவிட்டதால், நடந்ததை முழுதாக எழுதி வைக்கிறேன்.

ஊருணியும் குவாரியும்

மாப்பிள்ளை முதலில் கேட்டது ஊருணியை. "அண்ணே, படித்துறையில இறங்கி எடுத்தா பின்னாடி பெரிய வீடெல்லாம் சேர்ந்து வரும்ல?" என்றார். அவர் அதுவரை பார்த்திருந்த படங்கள் எல்லாம் கண்ணாடி போன்ற கடலில் எடுத்தவை. நம் ஊருணி மழைத் தண்ணீர். கூரையிலும் தெருவிலும் விழுந்தது வாய்க்கால் வழியே வந்து தேங்கியது. செம்மண் பொடி அதில் அடங்காமல் மிதந்துகொண்டே இருக்கும். முழங்கை ஆழத்தில் உள்ளங்கை தெரியாத தண்ணீரில் கேமராவுக்கு மட்டும் என்ன தெரியப்போகிறது?

அதைவிடப் பெரிய காரணம், அது குடிக்க வெட்டிய நீர்நிலை. வானம் பார்த்த பூமியில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டியவர்கள், அதில் கால் வைக்கக் கூடாது என்றும் சொல்லி வைத்தார்கள். முகத்தில் பூச்சோடு அதில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. கோயில் தெப்பக்குளத்துக்கும் இதே பதிலைச் சொன்னேன்.

அப்புறம் அவர் செல்போனில் ஒரு படத்தைக் காட்டினார். புதுக்கோட்டைப் பக்கம் வேலை நின்றுபோன கல்குவாரி ஒன்றில் பச்சையும் நீலமுமாகத் தெளிந்து நிற்கும் தண்ணீர். படமெடுப்பவன் கண்ணுக்கு அது ஆசை காட்டும். ஆனால் குவாரியின் கரை சரிவாக இறங்காது, செங்குத்தாக அறுந்து போகும். இடுப்பளவு தண்ணீரில் நிற்பவர் இன்னும் ஓரடி வைத்தால் தலைக்கு மேல் பல ஆள் ஆழம். ஏறப் படி இருக்காது, பிடிக்க விளிம்பு இருக்காது. கீழே போகப் போகச் சில்லென்று ஆகும். சேலை கட்டிய பெண்ணை அங்கே இறக்க எவ்வளவு பணம் தந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டுக் கிணற்றுக்கும் இதே பேச்சு.

கடைசியில் கிடைத்தது, பழைய வீடு ஒன்றை விடுதியாக்கியவர்கள் பின்கட்டில் கட்டியிருந்த குளம். முப்பது அடி நீளம், பதினைந்து அடி அகலம், ஆழம் நாலு அடியில் தொடங்கி ஆறு அடி வரை. ஆழமான பக்கம் தவிர எங்கே நின்றாலும் மாப்பிள்ளைக்குத் தலை வெளியே இருக்கும். பெண்ணுக்கு முக்கால் குளம் எட்டும். அது போதும்.

முதல் நாள்

மாலை மூன்றரைக்கு ஆரம்பித்தோம். அது தரையில் படம் எடுக்கிறவர்களின் பழக்கம். வெயில் சாயட்டும், மஞ்சள் வெளிச்சம் வரட்டும் என்று காத்திருப்போம். தண்ணீருக்குள் அந்தக் காத்திருப்பு எதிராக வேலை செய்தது. சூரியன் தாழத் தாழ, மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிப் போகும் வெளிச்சம் கூடிக்கொண்டே போகும், உள்ளே இறங்குவது குறையும். போதாததற்கு மேற்குப் பக்கச் சுவர் இரண்டு மாடி உயரம். நாலரை மணிக்குக் குளத்தில் பாதி நிழல்.

பின்னணியில் ஏணி, வடிகால் மூடி, நீலச் சில்லு டைல்ஸ் எல்லாம் தெரிந்தன. மறைக்க ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, அடியில் செங்கல் வைத்து அழுத்தினோம். செங்கல் ஊற ஊறச் சிவப்புத் தூள் கிளம்பித் தண்ணீரைக் கலக்கியது.

பெண் கட்டியிருந்தது கடையிலிருந்து அன்று காலை வந்த புதுக் கண்டாங்கி, எங்கள் பக்கத்துப் பருத்திச் சேலை, நல்ல அரக்கு நிறம். அவர் முதல் முறை முங்கியபோது முந்தானையிலிருந்து சாயம் ஊதுபத்திப் புகைபோல் சுருள் சுருளாக இறங்கியதை வியூஃபைண்டர் வழியே பார்த்தேன். பார்க்க அழகாகக்கூட இருந்தது. பத்து நிமிடத்தில் குளத்துத் தண்ணீர் நிறம் மாறி, விடுதிக்காரர் கரையில் வந்து நின்றார். அவர் கோபம் நியாயமானது. தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவை நாங்கள்தான் ஏற்றோம்.

நாலாவதோ ஐந்தாவதோ முங்கலில் அந்தச் சேலை பெண்ணின் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. எழும்ப உதைத்தார், கால் பிரியவில்லை. நாங்கள் கூட்டிப்போயிருந்த நீச்சல் பயிற்சியாளர் இரண்டடி தள்ளித்தான் நின்றார், உடனே தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மொத்தம் மூன்று நொடி இருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, சிரிக்கக்கூடச் செய்தார். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டே இருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. அந்த நொடியிலேயே எல்லோரையும் கரையேற்றியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முகங்கள் சாம்பல் நீலம். அரக்குச் சேலை கறுப்பு. படம் முழுக்க வெள்ளைப் பொட்டுகள், பொரி தூவியதுபோல. கன்னங்கள் உப்பி, கண்கள் இறுகி, மூக்கிலிருந்து குமிழி.

ஆனால் தேறிய இரண்டு படங்களும் ஒரு செய்தி வைத்திருந்தன. இரண்டுமே நாலு மணிக்கு முன் எடுத்தவை. இரண்டிலும் நான் மணமக்களுக்கு மூன்றடி தூரத்துக்குள் இருந்தேன்.

தூரம்

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு வெளிச்சத்தை. ஐந்து மீட்டர் தண்ணீரைக் கடந்து வந்த வெயிலில் சிவப்பு ஏறக்குறைய தீர்ந்திருக்கும். அடுத்து ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள் என்று ஒவ்வொன்றாகக் குறையும், நீலம் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். இது எனக்குத் தெரியும். ஆறடிக் குளத்தில் இதனால் என்ன வந்துவிடும் என்று நினைத்ததுதான் பிழை.

ஆழத்தை மட்டும் கணக்கில் எடுத்தேன். வெளிச்சம் மேலிருந்து பெண்ணின் முகத்துக்கு வர ஒரு மீட்டர் தண்ணீரைக் கடக்கிறது. முகத்தில் பட்டு என் லென்ஸுக்கு வர இன்னும் இரண்டரை மீட்டர். ஆக மூன்றரை மீட்டர் தண்ணீர். ஃபிளாஷ் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன். அதற்கும் போக இரண்டரை, வர இரண்டரை, மொத்தம் ஐந்து மீட்டர். அரக்கு கறுத்ததில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே கிட்டே போக வேண்டும். கிட்டே போனால் ஆள் முழுதாக அடங்க அகலமான லென்ஸ் வேண்டும். இரண்டாம் நாள் முழுக்க 16 மில்லிமீட்டரில், மூன்றடியைத் தாண்டாமல் எடுத்தேன். இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. ஹவுசிங்கின், அதாவது கேமராவைத் தண்ணீர் புகாமல் பூட்டி வைக்கும் பெட்டியின், முன்கண்ணாடி தட்டையாக இருந்தால், தண்ணீரில் ஒளி வளைவதால் லென்ஸின் பார்வை குறுகிவிடும். 24 மில்லிமீட்டர் ஏறக்குறைய 32 போல ஆகும், ஓரங்கள் வழியும். அரைக்கோளமாக இருக்கும் டோம் போர்ட் அந்தப் பார்வையைத் திருப்பித் தரும். வாடகைக்கு எடுக்கும்போது ஹவுசிங் என்று மட்டும் கேட்காமல் டோம் போர்ட் என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளைப் பொட்டுகளுக்குக் காரணம் ஃபிளாஷ் இருந்த இடம். மார்கழிப் பனியில் ஹைபீம் போட்டு வண்டி ஓட்டினால் கண்ணுக்கு முன் வெள்ளைச் சுவர் எழும்புமே, அதேதான். லென்ஸுக்கு மேலேயே ஃபிளாஷ் இருந்தால், நடுவில் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் வெளிச்சத்தை நேராக லென்ஸுக்குத் திருப்பும். இரண்டு ஃபிளாஷ்களை நீண்ட கைகளில் வலமும் இடமும் தள்ளி வைத்து, ஃபிளாஷ்களின் முகத்தைச் சற்று வெளிப்பக்கம் திருப்பினோம். வெளிச்சத்தின் விளிம்பு மட்டும் மணமக்கள் மேல் பட்டது, நடுவில் இருந்த தண்ணீர் இருட்டாகவே இருந்தது. பொட்டுகள் அநேகமாகப் போய்விட்டன.

நேரத்தை நடுப்பகலுக்கு மாற்றினோம். காரைக்குடி வட்டாரம் ஏறத்தாழ 10 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முதல் பாதியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும். நம் ஊரில் அந்த உச்சி 12 மணிக்கு வராது, சுமார் 12.15க்கு வரும். தரையில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழுகிற அந்த நேரம்தான் தண்ணீருக்குள் தங்கம். அலைகள் பூதக்கண்ணாடிபோல் வெயிலைக் குவித்து, சேலை மேலும் தரை மேலும் ஒளி வலை பின்னிக்கொண்டே இருக்கும். முகத்தை லேசாக மேலே தூக்கச் சொன்னால் போதும், கண் நிழல் இருக்காது.

பழைய கண்டாங்கி

இந்தத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் பதில், வெளிர் நிற ஜார்ஜெட் அல்லது ஷிஃபான். இலேசானது, தண்ணீரில் சிறகாக விரியும். அதைச் சொல்லத்தான் பெண் வீட்டுக்குப் போனேன். பெண்ணின் முகம் வாடிவிட்டது. "அது யார் வேணும்னாலும் கட்டுறதுண்ணே. எனக்குக் கண்டாங்கியிலதான் எடுக்கணும்" என்றார். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாராம். அப்போதே முடிவு செய்துவிட்டாராம்.

வளவில், வீட்டின் உள்முற்றத்தில், தூணோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஆயா என்னைப் பார்த்து, "புதுச்சேலைய ஏன் தம்பி அப்படியே தண்ணியில போட்டீங்க? கட்டுறதுக்கு முன்னாடியே நாலு தண்ணி அலசவேணாமா?" என்றார்.

"தப்புத்தான் ஆச்சி" என்றேன்.

அவர் எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். கடுகு மஞ்சள் உடல், அகலமான அரக்குக் கரை, நடுவில் கட்டம். கையில் வாங்கியதும் புரிந்துவிட்டது. புதுக் கண்டாங்கி தடிப்பாக, முறுக்கு நூலின் விறைப்போடு இருக்கும். இது கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து, மல்துணிபோல் மெலிந்து தளர்ந்திருந்தது. போக வேண்டிய சாயம் எப்போதோ போய்விட்டது, இருப்பது நூலோடு ஊறியது. ஒரு மூலையை ஈரமாக்கி வெள்ளைத் துண்டில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தோம். துண்டு வெள்ளையாகவே இருந்தது.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. "கால்ல சுத்துச்சுன்னா கட்டுற விதத்த மாத்தணும். கொசுவத்தப் பின்னாடி வச்சு, கெண்டைக்கால் தெரியத் தூக்கிக் கட்டு. நாங்க அப்படித்தான் கட்டுனோம்."

பின்கொசுவக் கட்டு. முன்னால் மடிப்பு இல்லாததால் முட்டியும் கணுக்காலும் தாராளமாக அசையும். விளிம்பு கணுக்காலுக்கு மேல் நிற்பதால் பாதத்தில் சிக்க ஒன்றும் தொங்காது. வேலை செய்ய, குனிய, நிமிர இப்பக்கத்துப் பெண்கள் கட்டிய கட்டு, உதைத்து நீந்தவும் பொருந்தியது. பின்னால் வைத்த கொசுவம் தண்ணீருக்குள் விசிறியாக விரிந்தது. ஜார்ஜெட்டில் எவ்வளவு முயன்றாலும் அந்த உருவம் வராது.

அப்படியும் ஐந்தரை மீட்டர் துணி ஈரத்தில் பல மடங்கு கனக்கும். இடுப்பில் முடிச்சோ ஊக்கோ வேண்டாம் என்று, ஒரே இழுப்பில் அறுகிற மெல்லிய ஓட்டுத் தையலும் ஒரு துண்டு வெல்க்ரோவும் வைத்துத் தைத்தோம். உள்ளே நீச்சல் உடை. சேலையை இழுத்துக் கழற்றிவிட்டு எழும்புவதை, நாலடி ஆழத்தில் மூன்று தடவை பழகிய பிறகே கேமராவைத் தொட்டேன். இதை யாரும் விட்டுவிடக் கூடாது.

பட்டுச் சேலையை மட்டும் குளத்தில் இறக்கவே இறக்காதீர்கள். நீச்சல் குளத்துக் குளோரின் பட்டு இழையைத் தின்னும், சரிகையும் நிறம் மாறும். கல்யாணப் பட்டு ஒரு மணி நேரத்துக்காகப் போய்விட்டால் திரும்ப வராது.

மாப்பிள்ளைக்கு ஒட்டிக்கோ வேட்டி. வேட்டி தண்ணீரில் குடைபோல் மேலே எழும்பும். அதைத் தடுக்கக் கீழ் ஓரத்தில் நாலு சின்ன வாஷர் வைத்துத் தைத்தோம், உள்ளே அரைக்கால் சட்டை. மல்லிகைச் சரம் சில நிமிடத்தில் நார் தளர்ந்து உதிரும், உதிர்ந்தது ஃபில்டரை அடைக்கும். துணிப் பூ வைத்தோம். குங்குமம் கரையும், ஆகவே ஒட்டுப் பொட்டு.

கழுத்துரு என்னும் பெரிய கல்யாணத் தாலியைப் பற்றி நான் பேச்சே எடுக்கவில்லை. கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் மட்டும் வெளியே வருகிற பொருளைக் குளத்துக்குக் கொண்டுவரக் கேட்பது முறையில்லை. தாலிச் சங்கிலி கழுத்தில் இருந்தது. அது மிதந்து முகத்தில் அடிக்காமல் ரவிக்கையோடு நூல் கோத்துத் தைத்துவிட்டார்கள். தண்ணீருக்குள் தாலி கட்டுவதுபோல் ஒரு படம் எடுக்கலாமா என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் கேட்டார்கள். ஆச்சி, "திருப்பூட்டுறது ஒரு தரந்தான் தம்பி" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நானும் அதே எண்ணம்.

மூச்சு

முதல் நாள் முகங்கள் கெட்டதற்கு நான் சொன்ன ஒரு வாக்கியமே காரணம். "நல்லா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்குங்க" என்றேன். நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் உடம்பு மிதக்கும், உள்ளே இருக்கவே கையும் காலும் போராடும். கன்னம் உப்பும், புருவம் இறுகும். அந்த முகத்தில் கல்யாணக் களை எங்கிருந்து வரும்?

இரண்டாம் நாள் பாதி மூச்சு. சாதாரணமாக இழுத்து, அதில் கொஞ்சத்தை மூக்கு வழியே விட்டபடி மெதுவாக உட்காருவதுபோல் இறங்க வேண்டும். காற்று குறையக் குறைய உடம்பு தானாகக் கீழே போகும். குமிழிகள் முகத்தைக் கடந்து மேலே போகும் வரை நான் காத்திருப்பேன், அப்புறம் இரண்டு மூன்று படம். ஒரு முங்கல் பத்து நொடிக்கு மேல் போகவில்லை. மேலே வந்தால் குறைந்தது அரை நிமிடம் ஓய்வு, பேசிச் சிரித்துவிட்டு அடுத்தது.

முங்குவதற்கு முன் வேக வேகமாகப் பல தடவை இழுத்து விடுவது சிலருக்குப் பழக்கம். அப்படிச் செய்தால் நீண்ட நேரம் இருக்க முடியும் என்பார்கள். அது உயிருக்கு ஆபத்து. மூச்சு வேண்டும் என்ற தவிப்பை நமக்குத் தருவது ரத்தத்தில் சேரும் கரியமில வாயு. வேகமாக ஊதி அதை வெளியேற்றிவிட்டால் தவிப்பு தாமதமாகும், ஆக்சிஜன் அதற்கு முன்பே தீர்ந்துவிடும். ஆள் எந்த அறிகுறியும் காட்டாமல் மயங்குவார். இடுப்பளவு தண்ணீரிலும் இது நடக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் நடக்கும். படத்துக்காக அமைதியாகக் கண் மூடியிருப்பவருக்கும் மயங்கியவருக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது. அதனால்தான், குளத்துக்குள் ஒருவர் வேறு எந்த வேலையும் இல்லாமல் மணமக்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஃபிளாஷ் பிடிக்க, துணி சரிசெய்ய அவரைக் கூப்பிடக் கூடாது. எங்கள் பயிற்சியாளர் முதல் நாளும் கிட்டே இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இரண்டாம் நாள் அது அவருக்கு எழுதிக் கொடுத்த வேலை.

கூப்பிடுவதற்கு எவர்சில்வர் கரண்டி. தண்ணீரில் ஒலி காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். கரையிலிருந்து ஏணிக் கம்பியில் தட்டினால் குளம் முழுக்கத் தெளிவாகக் கேட்கும். ஒரு தட்டு என்றால் என்னைப் பார், இரண்டு தட்டு என்றால் எழுந்து வா. பெண்ணின் தம்பி அதை ஏற்றுக்கொண்டான். பத்து நொடி எண்ணும் வேலையை ஆச்சி எடுத்துக்கொண்டார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு எண்ணுவார், எட்டிலேயே "தட்டுடா" என்பார்.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கான்டாக்ட் லென்ஸை எடுத்துவிட வேண்டும். சளி பிடித்திருந்தால் காது அடைக்கும், தள்ளிப்போடுவது நல்லது. கல்யாண விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கரையோரம் பிளக்கில் சொருகிய விளக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது, எல்லாம் பேட்டரி. தண்ணீர் வெதுவெதுப்பாகத் தோன்றினாலும் உடம்புச் சூட்டைக் காற்றைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கும். ஐம்பது நிமிடத்தில் பெண்ணின் உதடு லேசாக நடுங்கியது. சுக்குக் காப்பி தயாராக இருந்தது.

ஒரு மயிரிழை

கேமரா பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ரா ஃபைல், ஷட்டர் 1/250, அபர்ச்சர் எஃப் 8, ஐஎஸ்ஓ 400இல் தொடங்கி வெயிலைப் பார்த்து ஏற்றி இறக்கினேன். ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தபோது, தண்ணீருக்குள்ளேயே ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி, வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி ஒயிட் பேலன்ஸ் வைத்தேன்.

ஆனால் ஓ-ரிங். ஹவுசிங்கின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் இருக்கும் அந்த ரப்பர் வளையம்தான் கேமராவுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல். முதல் நாள் காலை அதைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸை விரல் நுனியில் தொட்டு, பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும் தடவினேன். கேமராவை வைக்காமல், காலி ஹவுசிங்கைப் பூட்டி ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கினேன். மூலையிலிருந்து குண்டூசித் தலையளவு குமிழிகள் வரிசையாக எழும்பின. திறந்து வெயிலில் சாய்த்துப் பார்த்தால், வளையத்தின் குறுக்கே ஒரே ஒரு முடி. அதை எடுத்துவிட்டு மறுபடி அமுக்கினேன், குமிழி இல்லை. அந்த வாளிச் சோதனை ஐந்து நிமிடம்.

ஈரக்காற்றை உள்ளே வைத்து ஹவுசிங்கைப் பூட்டினால், தண்ணீரில் குளிர்ந்ததும் உள்கண்ணாடியில் ஆவி படியும் என்றார்கள். ஆகவே காற்று உலர்ந்திருக்கும் ஏசி அறையிலேயே பூட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டேன். மூடும்போது சுற்றிலும் யாரும் தலை சீவக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

இரண்டாம் நாள்

குளத்தின் ஃபில்டரை முந்தின ராத்திரி முழுக்க ஓட்டி, காலை பத்தரைக்கு நிறுத்தச் சொன்னோம். தூசி அடங்க ஒரு மணி நேரம். கறுப்புத் துணிக்குச் செங்கலுக்குப் பதிலாக, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடையில் வாங்கிய ஐந்து கிலோ இரும்பு எடைக்கற்கள், துரு இறங்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றியவை. வாசலில் வைத்திருந்த தொட்டியில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கால் கை கழுவிவிட்டுத்தான் இறங்கினோம். எண்ணெய்த் தலையும் பவுடரும் தண்ணீரில் படலமாக மிதக்கும்.

பதினொன்றே முக்காலுக்கு முதல் முங்கல். முதல் பத்து நிமிடம் வெறும் பழக்கம், நான் கேமராவைக் கரையில் வைத்துவிட்டு அவர்களோடு முங்கி முங்கி எழுந்தேன். ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கச் சொன்னேன். கை கோத்திருந்தால் பதற்றம் பாதி குறைகிறது.

12.20 வாக்கில் வந்தது அந்தப் படம். தண்ணீருக்குள்ளிருந்து மேற்பரப்பைச் சாய்வாகப் பார்த்தால் வெளியுலகம் தெரியாது. நேர்மேலே ஒரு வட்டத்துக்குள் மட்டும் வானம் தெரியும், அதைத் தாண்டினால் மேற்பரப்பு அடிப்பக்கம் பாதரசம் பூசிய கண்ணாடி. அலை அடங்கியிருந்தால் ஆளின் தலைகீழ் உருவம் அதில் அப்படியே நிற்கும். அவர்கள் இருவரும் மேற்பரப்புக்கு ஓரடி கீழே, நான் அவர்கள் மட்டத்திலேயே, கேமராவைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தபடி. பெண்ணின் வலது கை மாப்பிள்ளையின் கன்னத்துக்குப் பக்கத்தில், மருதாணி கத்திபோல் தெளிவாக. பின்கொசுவம் கடுகு மஞ்சளாக விரிந்து, அதன் அரக்குக் கரை அரக்காகவே இருந்தது. மேலே கண்ணாடியில் அதே இருவரும் தலைகீழாக, இன்னும் அருகில். எழும்பி வந்து ஸ்க்ரீனில் பார்த்தபோது என்னால் உடனே பேச முடியவில்லை. பயிற்சியாளரிடம் காட்டினேன், அவர் மாப்பிள்ளையிடம் காட்டினார்.

அப்படிப்பட்ட படத்துக்காக மறுபடி மறுபடி முங்கச் சொல்லும் ஆசை வரத்தான் செய்தது. உதடு நடுக்கத்தைப் பார்த்ததும் 12.35க்கு நிறுத்தினோம்.

இப்போது செய்வதாக இருந்தால் இரண்டு விஷயங்களை மாற்றுவேன். கல்யாணத்துக்கு முன்பே ஒரு நாள் மணமக்களைச் சாதாரண உடையில் குளத்தில் பழக்கியிருப்பேன். பெண்ணின் கூந்தலை விரித்துவிடாமல் பாதியாவது பின்னச் சொல்லியிருப்பேன். முகத்தை முடி மறைத்தே பல நல்ல படங்கள் போயின. நிறத் திருத்தம் முதல் நாள் படங்களுக்கு மணிக்கணக்கில் பிடித்தது, அப்படியும் சிவப்பு வரவில்லை. இல்லாத நிறத்தைக் கம்ப்யூட்டர் இழுத்தால் வருவது புள்ளி புள்ளியான இரைச்சல் மட்டும். இரண்டாம் நாள் படங்களுக்குச் சில நிமிடமே போதுமாக இருந்தது.

கரையேறியதும் ஹவுசிங்கைத் திறக்காமல் நல்ல தண்ணீரில் அரை மணி ஊற வைத்தேன். கண்டாங்கியை ஆச்சி எங்கள் கையில் தரவில்லை. பின்கட்டுக் குழாயடியில் தானே உட்கார்ந்து, குளோரின் வாடை போகும் வரை நாலு தண்ணி அலசினார். ஒவ்வொரு தண்ணீரையும் கொட்டுவதற்கு முன் குனிந்து நிறம் பார்த்தார். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன், தெளிவாகவே இருந்தது. வெயிலில் போடாமல் நிழல் கொடியில் உதறி விரித்தார்.